கேடிஎச் வானுக்கு எல்ஈடி போடலாமா? ஹபரணைக் காட்டுக்குள்ள இரவில ஒண்டும் தெரியுதில்ல

உப்புவெளி_ஹயர்:
எல்லாருக்கும் வணக்கம். என்ர வான் டொயோட்டா ஹயஸ் கேடிஎச், 2008. ஹெட்லைட் ஜப்பான்ல இருந்து வந்த அதே எச்4 ஹெலஜன் பல்பு தான், ஒண்டும் மாத்தேல்ல. எனக்குக் கூடுதலா வாறது கட்டுநாயக்கா எயார்போட் ஹயர், அதுவும் விடியக்காலம ஃபிளைட் எடுக்கிற ஆக்கள், அதால இங்கால திருகோணமலையில இருந்து இரவு எட்டு ஒம்பதுக்கு வெளிக்கிட வேணும். கந்தளாய் மட்டும் ஒரு மாதிரிப் போயிடுவன், அங்கால அக்போபுர தாண்டினா ஹபரணை மட்டும் காடு தானே, ஆனை எந்தப் பக்கத்தால றோட்டுக்கு ஏறும் எண்டு சொல்லேலாது, என்ர லைட் மஞ்சளா மங்கலா முன்னுக்குக் கொஞ்சத் தூரம் தான் விழுது. எதிர கொழும்பு பஸ் ஒண்டு வெள்ளை லைட்ட அடிச்சுக்கொண்டு வந்து கடந்து போனா பேந்து கொஞ்ச நேரத்துக்கு றோட்டே இல்ல, கண்ணுக்குள்ள பச்சைப் புள்ளி மட்டும் தான். போன கிழமை தம்பலகாமம் சந்திக்குக் கிட்ட எருமை ரெண்டு தார்ச் சூட்டுக்கு நடுறோட்டில படுத்துக் கிடந்ததுகள், பிறேக் அடிச்சு நிப்பாட்டேக்க பம்பருக்கும் அதுகளுக்கும் ஒரு முழம் இடைவெளி. பின்னால குடும்பம் ஒண்டு கைக்குழந்தையோட.

டவுனுக்குள்ள ஒரு கடைல கேட்டன், எல்ஈடி சோடி 18,000 ரூபாவாம், 20,000 லூமன்ஸ் (வெளிச்சத்தின்ர அளவு) எண்டு பெட்டில அடிச்சுக் கிடக்கு, பத்து நிமிஷத்தில கொழுவித் தாறனாம். இன்னொரு கடைக்காரர் எச்ஐடி கிட் (செனன் லைட்) போடு, நிறம் 6000 கெல்வின், சும்மா அந்த மாதிரி இருக்கும் எண்டார். எங்கட வயரிங் பாஸ் ரெண்டும் வேணாம் 100/90 வாட்ஸ் (தூரத்துக்கு அடிக்கிற ஹெட் 100, கிட்ட அடிக்கிற டிம் 90) ஹெலஜன் ஒண்டு போட்டு விடுவம் எண்டு நிக்கிறார். வயர் எரிஞ்சு வான் போயிடுமோ எண்டு பயமாவும் கிடக்கு. லைட் கவரும் மேல்பக்கம் கொஞ்சம் மஞ்சள் பிடிச்சிட்டு. போட்டுப் பாவிச்ச ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

சீனக்குடா_பல்சர்:
அண்ண யோசிக்காம எல்ஈடியப் போடுங்கோ. எங்கட மாமா சுசுகி வேகன் ஆர் காருக்குப் போட்டவர், கேற்றுக்கு நேர விட்டா வீட்டுச் சுவர் முழுக்க வெள்ளையாக் கிடக்கும். ஹெலஜன் எல்லாம் இப்ப ஆர் பாவிக்கிறான். கரண்டும் குறைய இழுக்கும், பற்றரிக்கும் நல்லம். 20,000 லூமன்ஸ் எண்டா சும்மாவா

வயரிங்_பாலையூற்று:
தம்பி அந்த 20,000 பெட்டிக்கு மேல மட்டும் தான் இருக்கும், உள்ளுக்க இராது. ஒரு எச்4 பல்பு டிம்முக்கு 1000 லூமன், ஹெட்டுக்கு 1650, அது தான் ஸ்டாண்டர்ட் கணக்கு. விலை கூடின கார்களுக்கு கொம்பனியே போட்டு விட்ட 35 வாட்ஸ் செனனே 3200 கிட்டத் தான் வரும். 2000 லூமனுக்கு மேல போனா லைட் தானா ஏறி இறங்கிற ஒட்டோ லெவலிங்கும் கண்ணாடி கழுவிற வோஷரும் இருக்க வேணும் எண்டு ஐரோப்பாக்காரன் சட்டமே வச்சிருக்கிறான், எதிர வாறவன்ட கண்ணுக்காகத் தான். ஆக பத்து நிமிஷத்தில கொழுவிற சாமான் உண்மையாவே 20,000 தந்தா உங்கட கவர் உருகி நிலத்தில கிடக்கும்.

ஹயர் அண்ணைக்கு: நீங்க இன்னும் உங்கட பழைய லைட்டட முழு வெளிச்சத்தையும் பார்த்ததே இல்ல எண்டு நினைக்கிறன். அந்த வயசு வான்ல பல்புக்குப் போற கரண்ட் பாதி வழியிலயே தேய்ஞ்சு போகும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி லைட்டப் போட்டுக்கொண்டு பற்றரில வோல்ட் எத்தினை எண்டு பாருங்கோ, பிறகு பல்புக்குப் பின்னால இருக்கிற பிளக்கில, பல்பு கழட்டாம எரிஞ்சுகொண்டு இருக்கேக்கயே, மீற்றர் ஊசிய பின்பக்கத்தால விட்டு எத்தினை எண்டு பாருங்கோ. பல்பைக் கழட்டிப்போட்டுப் பார்த்தா நல்ல நம்பர் தான் காட்டும், அதில ஏமாறாதேங்கோ, கன பேர் விடுற பிழை அது. அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் எண்டா வேலை இருக்கு. ஹெலஜன் பல்புக்கு வோல்ட் 10 வீதம் குறைஞ்சா வெளிச்சம் 10 வீதம் இல்ல, 30 வீதம் குறையும். மஞ்சளாத் தெரியிறதுக்கும் அது தான் காரணம்.

எங்கட ஊரில உப்புக்காத்து சும்மா விடாது. பிளக்கின்ர பித்தளைக் கால் பச்சை பிடிச்சு, அதால சூடாகி, பிளாஸ்ரிக் மண்ணிறமாகி, பிறகு லூசாகி இன்னும் சூடாகும். கழட்டிப் பார்த்தா விளங்கும். அதில கொண்டு போய் 100/90 போட்டா? 60/55 ஹெட்டில ஒரு பல்பு 5 அம்பியர் இழுக்கும், 100 எண்டா 8க்கு மேல. அதே மெல்லிய வயர், அதே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில இருக்கிற சுவிச். நீங்க பயந்தது சரி தான் அண்ண. உங்கட பாஸுக்குக் கோவம் வந்தாலும் பரவாயில்ல.

செய்ய வேண்டியது றிலே செற், றிலே எண்டா சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து விடுற சுவிச். பற்றரில இருந்து நேர 2.5 சதுர மில்லி மீற்றர் வயர், பற்றரிக்குக் கிட்டயே பியூஸ், ரெண்டு நாலுகால் றிலே, ஒண்டு டிம்முக்கு ஒண்டு ஹெட்டுக்கு. பழைய பிளக் றிலேய இழுத்து விடுற வேலைய மட்டும் பார்க்கும், கரண்ட் புது வயரால போகும். ஒரு விசயம் கவனம், டொயோட்டால கன மொடல் மைனஸ் சுவிச்சிங், அதாவது பிளஸ் எப்பவும் பல்புக்கு வந்து நிக்கும், சுவிச் வெட்டிறது ஏர்த்தை. ஹயஸும் அப்பிடி வாறது தான், உங்கடய மீற்றர் வச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ. அப்பிடி எண்டா சாதா றிலேக்குப் பிரச்சினை இல்ல, றிலேக்குள்ள இருக்கிற காயிலுக்கு பிளஸ் மைனஸ் பேதம் இல்ல, ஆனா டயோட் வச்ச றிலே எண்டா பிளஸ் மைனஸ் பார்த்துக் கொழுவ வேணும். கடைல தாற எல்ஈடி கனக்க அதில தான் மாட்டுப்படும், டிம் போட்டா ஹெட்டும் எரியும் இல்லாட்டி ரெண்டுமே மினுங்கும், பிறகு கடைக்காரன் அடப்டர் எண்டு இன்னொண்டு விப்பான்.

மஞ்சள் கவருக்கு 800, 1500, 2000 எண்டு தண்ணி விட்டு சான்பேப்பர் போட்டு கொம்பவுண்ட் அடிச்சு மேல யூவி கிளியர் அடிக்க வேணும். அந்தக் கிளியர் அடிக்காட்டி எங்கட வெயிலுக்கு ரெண்டு மூண்டு மாசத்தில திரும்ப மஞ்சள். ரூத்பேஸ்ட் வைத்தியம் கொஞ்ச நாளைக்குத் தான். உள்ளுக்கு டோர்ச் அடிச்சு றிஃப்ளெக்டரையும் (பல்பைச் சுத்தி இருக்கிற வெள்ளிக் கிண்ணம்) பாருங்கோ, வெள்ளி மங்கிக் கருகிக் கிடந்தா எந்தப் பல்பு போட்டும் சரிவராது, செற்றையே மாத்த வேணும்.

கிண்ணியா_ராவைக்குபைக்:
நானாமார் நான் வான்காரன் இல்ல, பைக். ராவைக்கு கடை சாத்திட்டு மூதூர் ரோட்டால வாற ஆள். இந்த வெள்ள லைட் போட்ட வானும் பட்டா லொறியும் நேர வந்தா நமக்கு ஒண்டும் தெரியாது, ஹெல்மட் கண்ணாடில கீறல் இரிக்கிறதால அது முழுக்க வெள்ளயாப் போயிரும். பாலத்துல வரக்குள்ள ஒதுங்கவும் எடமில்ல. வாப்பா இன்னும் சைக்கிள்ல தான் சுபஹுக்கு பள்ளிக்குப் போறாரு, அவருக்கு கண்புரை ஒப்பரேசன் செஞ்சது, வெள்ள லைட் கண்டா எறங்கி நிண்டுருவாரு. டிம்மப் போட்டாலும் ஹெட் மாதிரித் தான் வருது, நம்ம லைட்ட அடிச்சிக் காட்டினா அவங்கட உண்மையான ஹெட்டப் போட்டு "இதுதான் ஹெட்டு" எண்டு காட்டுவாங்க. அதுக்குப் பொறகு கதைக்க என்ன இரிக்கி. போடுங்க வேணாங்கல்ல, போட்டுட்டு ஒருதரம் எதிர வந்து நிண்டு பாருங்க.

சீனக்குடா_பல்சர்:
நானா அது மலிவு சாமான் போடுறதால. நல்ல எல்ஈடி எண்டா கட் ஓஃப் (டிம் வெளிச்சம் மேல போகாம வெட்டிற கோடு) வரும். மாமாட வேகன் ஆருக்கு ஒருத்தரும் லைட் அடிச்சுக் காட்டினதில்ல. பாலையூற்று அண்ண நீங்க பழைய ஆள் அதான் புதுசு எண்டா பயப்பிடுறீங்க 😄 றிலே, சான்பேப்பர் எல்லாம் சேர்த்தா எல்ஈடி விலையத் தாண்டிடும்

வயரிங்_பாலையூற்று:
பழைய ஆள் தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா எல்ஈடி கூடாது எண்டு நான் சொல்லேல்ல, புது வாகனம் கனக்கத்துக்கு கொம்பனியே எல்ஈடி தானே போட்டு விடுது, அது எல்ஈடிக்கு எண்டே செஞ்ச லைட். ஹெலஜனுக்குச் செஞ்ச றிஃப்ளெக்டருக்குள்ள எல்ஈடியக் கொண்டு போய் வைக்கிறது தான் பிரச்சினை.

எச்4 பல்பு ஒண்டை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார். உள்ளுக்க ரெண்டு கம்பிச்சுருள். டிம் சுருளுக்குக் கீழ சின்னத் தகரக் கிண்ணம் ஒண்டு இருக்கும், கீழ் பக்கம் போற வெளிச்சத்த அது மறிக்கிறதால தான் மேல போய் மற்றவன்ட கண்ணில அடிக்காம இருக்குது. அந்தச் சுருள் நிக்கிற இடத்தை வச்சுத் தான் றிஃப்ளெக்டர்ட ஒவ்வொரு வளைவும் கணக்குப் பார்த்துச் செஞ்சது, ஒண்டு ரெண்டு மில்லி மீற்றர் தள்ளினாலே பீம் குலையும். எல்ஈடில சுருள் இல்ல, தட்டையா ரெண்டு பக்கமும் சிப், நடுவில ஒரு தகடு. நல்ல கொம்பனிச் சாமான் அந்த இடத்துக்குக் கிட்ட வரும், கடைல 18,000க்கு விக்கிறது பெரும்பாலும் வராது. மாமாட வேகன் ஆர்ல சிப் ரெண்டும் மூண்டு மணி, ஒம்பது மணிப் பக்கம் பார்த்து நிக்குதோ எண்டு பார், மேலயும் கீழயும் பார்த்து நிண்டா பீம் இன்னும் மோசமா இருக்கும்.

சுவர் வெள்ளையாக் கிடக்கு எண்டாய், அது தான் ஆளை ஏமாத்திறது. வானுக்கு முன்னால பத்துப் பதினஞ்சு மீற்றருக்கு வெளிச்சம் கூடினா கண்மணி சுருங்கும், அப்ப தூரத்தில இருக்கிற இருட்டு இன்னும் இருட்டாத் தெரியும். ஓடுறவருக்கு நல்ல வெளிச்சம் எண்ட நினைப்பு, ஆனை நிக்கிறது 60 மீற்றரில. அங்க எவ்வளவு விழுது எண்டது தான் கணக்கு.

எச்ஐடி கிட் கதையே வேணாம். றிஃப்ளெக்டருக்குள்ள அது போட்டா கட் ஓஃப் எண்டு ஒண்டு இராது, போட்ட உடன முழு வெளிச்சமும் வராது, சூடேற நேரம் எடுக்கும். 6000, 8000 எண்டு கெல்வின் கூடக் கூட நீலம் தான் கூடும், வெளிச்சம் இல்ல. மாரி மழைக்கு நனைஞ்ச கார்ப்பெற் றோட்டில அந்த நீல வெள்ளை எங்க போகுது எண்டே தெரியாது.

ஓர்ஸ்ஹில்_அக்சியோ:
நான் புறொஜெக்டர் (முன்னுக்கு லென்ஸ் வச்ச லைட்) போட்ட ஆள், அதால சொல்றன். லைட்டைச் சூடாக்கிப் பிரிச்சு உள்ளுக்கு புறொஜெக்டர் வச்சு ஒட்டினா கட் ஓஃப் கத்தியால வெட்டின மாதிரி வரும், உண்மை. ஆனா ஒன்லைன்ல எடுக்கிற ஆக்கள் ஒண்டு பாருங்கோ, சீனால வண்டி ஓடுறது வலப்பக்கம், எங்கட நாடு இடப்பக்கம். டிம் பீம் எங்களுக்கு இடப்பக்கம் ஏற வேணும், றோட்டுக் கரையில நடந்து வாற ஆள் தெரியிறதுக்கு, வலப்பக்கம் மட்டமா இருக்க வேணும். அவங்கட நாட்டுக்குச் செஞ்சத எடுத்தா வலப்பக்கம் ஏறும், எதிர வாற ஒவ்வொருத்தன்ட கண்ணிலயும் நேரா. வலப்பக்க ஸ்டியரிங்குக்கு எண்டு கேட்டு எடுக்க வேணும். ஜப்பான் லைட் எண்டா இந்தப் பிரச்சினை இல்ல, அவங்களும் எங்கட பக்கம் தான். ஒட்டினது சரியா மூடுப்படாட்டி முதல் மாரிக்கே உள்ளுக்க தண்ணி நிக்கும், மீன் வளர்க்கலாம். ஹயர் ஓடுற வானுக்கு இந்த வேலை தேவையில்ல எண்டு தான் நான் சொல்லுவன், அது ஆசைக்குச் செய்யிறது.

உப்புவெளி_ஹயர்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு பாஸோட நிண்டு பார்த்தம், மீற்றர் நான் கொண்டு போனன், அவருக்கு முதல் கொஞ்சம் முகம் கறுத்தது தான் பேந்து அவரே ஆர்வமாகிட்டார். பற்றரில 13.8, இடப்பக்க பிளக்கில 11.9, வலப்பக்கம் 12.5. இடப்பக்க பிளக்கைக் கழட்டினா ஒரு கால் இருக்கிற இடம் பிஸ்கற் நிறத்தில பொங்கிக் கிடக்கு, இழுத்த உடன பிளாஸ்ரிக் ஒரு துண்டு கையோட வந்திட்டு. மைனஸ் சுவிச்சிங் தான், நீங்க சொன்னது சரி. அப்ப இடப்பக்க லைட் எவ்வளவு குறைஞ்சு எரிஞ்சிருக்கும்?

வயரிங்_பாலையூற்று:
11.9 எண்டா 13.8க்கு வர வேண்டியதில 60 வீதம் அளவு தான் எரிஞ்சிருக்கு. இடப்பக்கம் தான் றோட்டுக்கரை தெரிய வேண்டிய பக்கம். எருமை எப்பிடித் தெரியும்.

பிளக் செரமிக்கில வாறத எடுங்கோ, பிளாஸ்ரிக் வேணாம். பல்பு சாதா 60/55 நல்ல கொம்பனி, கூட வேணும் எண்டா பிளஸ் 100, பிளஸ் 130 எண்டு பிலிப்ஸ், ஒஸ்ராம் ரெண்டும் போடுது, அதுவும் அதே 60/55 வாட்ஸ் தான், சுருள் வேற மாதிரிச் சுத்தினது, வயருக்குப் பாரம் இல்ல, ஆனா ஆயுள் குறைவு, ஸ்பெயார் ஒரு சோடி வானுக்க வச்சிருக்க வேணும். நீலப் பூச்சுப் பூசினது எடுக்காதேங்கோ, அந்தப் பூச்சே வெளிச்சத்தில கொஞ்சத்தத் திண்டுடும். கொழுவேக்க கண்ணாடில விரல் படக்கூடாது, பட்டா ஸ்பிரிட்டால துடைச்சிட்டுப் போடுங்கோ.

எல்லாம் முடிஞ்ச பிறகு பீம் வைக்க வேணும். கன பேர் இதை விட்டுடுவினம். சமதரை, ரயர் காத்துச் சரியா, வழக்கமா ஓடுற பாரத்தோட, சுவருக்கு நேர 10 மீற்றரில நிப்பாட்டி, லைட்டின்ர நடு எந்த உயரமோ அதுக்கு 10 சென்றி மீற்றர் கீழ டிம்முட வெட்டுக்கோடு நிக்க வேணும். பின்னால சூட்கேஸ் அடுக்கினா மூக்குத் தூக்கும், அப்ப டாஷ்ல லெவலிங் திருகி இருந்தா அதால கொஞ்சம் இறக்குங்கோ. அந்தத் திருகிய ஒருத்தரும் தொடுறேல்ல, கன வான்ல அது என்னத்துக்கு எண்டே சொந்தக்காரனுக்குத் தெரியாது. முன் கண்ணாடிட உள்பக்கத்தையும் ஒருக்கா ஸ்பிரிட் போட்டுத் துடைங்கோ, டாஷ் சூட்டுக்கு ஆவி எழும்பி எண்ணைப் படலம் பிடிச்சிருக்கும், எதிர் லைட் அதில பட்டுத் தான் பரவிறது.

இரவு_பஸ்_கந்தளாய்:
நான் அந்த றோட்டில இரவு பஸ் ஓடுற ஆள், வயரிங் விசயம் தெரியாது, றோட்டு விசயம் சொல்றன். எந்த லைட் போட்டாலும் அக்போபுரக்கு அங்கால 80ல டிம்மோட போகாதேங்க. 80ல போனா ஆனையக் கண்டு காலைத் தூக்கி பிறேக்கில வச்சு வான் நிக்கிறதுக்குள்ள கிட்டத்தட்ட 70 மீற்றர் போயிடும், நல்ல டிம்மே அந்தளவு தூரம் சரியாத் தெரியாது. ஒருத்தரும் இல்லாட்டி ஹெட், எதிர லைட் தெரிஞ்ச உடன டிம், கடந்த உடன திரும்ப ஹெட், கை சுவிச்சிலயே இருக்க வேணும். எதிர வாறவன் டிம் பண்ணாட்டி அவன்ட லைட்டப் பார்க்காம இடக்கைப் பக்க வெள்ளைக் கோட்டப் பிடிச்சுப் போங்க.

ஆனை நிண்டா தூரத்திலயே நிப்பாட்டுங்க. ஹோர்ன் அடிக்கிறது, ஹெட்ட மினுக்கி மினுக்கி அடிக்கிறது ரெண்டும் வேணாம், அது கோவம் வந்து நேர வரும். டிம்மப் போட்டுட்டு எஞ்சின் ஓடுற மாதிரியே வச்சுக்கொண்டு, பின்னால வாறவனுக்கு ஹசார்ட் போட்டுக் காட்டுங்க. தனிய நிண்டா சுத்திப் பார்த்திட்டுத் தான் எடுக்க வேணும், குட்டி இருந்தா தாய் மற்றக் கரையில நிக்கும். இறங்கி ஃபோன்ல படம் எடுக்கிற ஆக்களை நான் கனக்கக் கண்டிருக்கிறன், அவங்களுக்குச் சொல்ல ஒண்டும் இல்ல.

உப்புவெளி_ஹயர்:
நன்றி அண்ண. றிலே செற்றும் செரமிக் பிளக்கும் போட்டாச்சு, இப்ப ரெண்டு பக்கமும் 13.4 காட்டுது. பல்பு சாதா 60/55 தான் எடுத்தன். கவர் தேய்ச்சு முடிஞ்சு, யூவி கிளியர் அடிக்கிறது மட்டும் மிச்சம். நேற்று நிலாவெளி மட்டும் ஓடிப் பார்த்தன், வெள்ளையா நல்லாக் கிடக்கு, வித்தியாசம் கையோட தெரியுது. ஒரு கேள்வி கூட, காட்டுக்கு மட்டும் எண்டு பம்பருக்கு ஒரு எல்ஈடி பார் போட்டா என்ன?

இரவு_பஸ்_கந்தளாய்:
பொலிஸ் மறிச்சா கதை தான். 2025 ஜனவரில அரசாங்கம் க்ளீன் ஸ்ரீலங்கா எண்டு ஒரு திட்டம் தொடங்கினது தானே, பஸ், ஆட்டோ எண்டு மேலதிக லைட், ஹோர்ன் எல்லாம் கழட்டுவிச்சாங்க. ஹயர் வான் கண்ணில படும். ஆக்களை ஏத்திக்கொண்டு ஃபிளைட் நேரத்துக்குப் போகேக்க வழியில நிண்டு பார் கழட்டிற நிலமை உங்களுக்கு வேணுமா?

வயரிங்_பாலையூற்று:
முதல் இந்த ஹெட்டோட ஒரு ஹயர் போயிட்டு வாங்கோ, பார் தேவையா எண்டு உங்களுக்கே தெரியும். பிறகும் வேணும் எண்டு நிண்டா ஹெட்டோட மட்டும் எரியிற மாதிரி றிலேல கொழுவ வேணும், தனி சுவிச் போட்டா டிம்முக்கும் எரிய விடுவீங்க, கிண்ணியாத் தம்பிட வாப்பா திரும்ப சைக்கிளால இறங்க வேண்டி வரும். பியூஸ் எங்க வச்சீங்க, பற்றரிக்குக் கிட்டயா இல்ல றிலேக்குக் கிட்டயா?

உப்புவெளி_ஹயர்:
றிலேக்குக் கிட்ட.

வயரிங்_பாலையூற்று:
மாத்துங்கோ. பற்றரியால வெளிக்கிட்டு ஒரு சாணுக்குள்ள பியூஸ் வர வேணும். இடையில வயர் எங்கயும் உரசி வான்ட பொடித் தகரத்தில தொட்டா, பியூஸ் அங்கால இருந்து பிரயோசனம் இல்ல, எரியிறது இங்கால இருக்கிற வயர். நாளைக்கு ஹயர் இருக்கெண்டா வெளிக்கிட முதல் செய்யுங்கோ, அரை மணித்தியால வேலை.

கிண்ணியா_ராவைக்குபைக்:
நானா அந்த கவர் தேய்க்கிறது பைக் லைட்டுக்கும் சரிவருமா? நம்மட டிஸ்கவர்லயும் மஞ்சளா இரிக்கி

வயரிங்_பாலையூற்று:
பிளாஸ்ரிக் கவர் எண்டா வரும், கண்ணாடி எண்டா வராது. நகத்தால தட்டிப் பாருங்க, சத்தத்திலயே தெரியும்.